எல்லம்மா சொல்லாத மன்னிப்பு

தாது வருஷப் பஞ்சம் முடிந்து ஊர்கள் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்த நேரத்தில், ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றை ஒட்டிய வடகொல்லைச் சேரியில் எல்லம்மா பிறந்தாள். பஞ்சத்தில் பாதிக் குடும்பத்தைப் பறிகொடுத்த அவள் அப்பன், மிஷன்காரர்களிடம் போய் வேதத்தில் சேர்ந்திருந்தான். அதனால் ஞானஸ்நானப் பதிவில் அவளுக்கு ரெபேக்காள் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கோபக்காரி எல்லம்மா என்றால் சுற்றுப்பட்டு ஆறு கிராமத்துக்கும் தெரியும்.

அவளைக் கட்டிக்கொண்ட காசி அதற்கு நேர் எதிர். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் அவனுக்கு வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கி, கட்டையில் போட்டு மயிர் வழிப்பான். அவளுக்கு அதே ஷாப்பில், தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை இடிக்கிற வேலை. விடியும்போது இருவரும் ஆற்று மணலில் நடந்து போவார்கள், பொழுது சாயும்போது திரும்புவார்கள். வழியெல்லாம் அவள்தான் பேசுவாள். அவன் சிரித்துக்கொண்டு வருவான். பெற்ற இரண்டு பிள்ளைகளும் பிறந்த வருஷமே போய்விட்டதால், அவர்களுக்கு ஒருவரையொருவர் விட்டால் வேறு ஆளில்லை.

காசிக்குப் பண்டிகைகளிலேயே பிடித்தது பெரிய வெள்ளி. அவள் கேட்பாள்: "எல்லாரும் கிறிஸ்மஸுக்குக் காத்துக்கினு இருப்பாங்க, உனக்கு மட்டும் இன்னா இந்தச் சாவு வூட்டு நாளு மேல ஆசை?"

"கிறிஸ்மஸ் எல்லாருக்கும்தான். பெரிய வெள்ளி நமக்கு. அடி வாங்கின சாமி வேற எங்க இருக்குது, சொல்லு?" என்பான் அவன்.

1912ஆம் வருஷம், பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஊர் மணியக்காரர் கோதண்டராமன் வீட்டில் ஓர் எருது செத்தது. செத்த மாட்டைத் தூக்கிப்போவது சேரியின் வேலை. அதற்குக் கூலி கிடையாது, கூப்பிட்ட நேரத்துக்குப் போகவேண்டும். அன்று காசியின் முறை. வேதக் கோயிலுக்குப் போக வேட்டி கட்டிக்கொண்டு நின்றவனிடம் மணியக்காரரின் ஆள் வந்து சொன்னான்.

"இன்னைக்கு வரமாட்டேன். நாளைக்கு வர்றேன், கூலி குடுத்தா" என்றான் காசி. குரலை உயர்த்தக்கூட இல்லை. வாழ்நாளில் அவன் சொன்ன முதல் மறுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

கோயிலுக்குப் போகும் வழியிலேயே அவனைப் பிடித்தார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே மிஷன் பள்ளிக்கூடம், அதற்கு எதிரே ஒரு புளியமரம். அந்த மரத்தில் அவனைக் கட்டிவைத்து, கோதண்டராமனும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் மாட்டுத் தும்புக் கயிற்றால் அடித்தார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த எல்லம்மா அலறிக்கொண்டு ஓடினாள். ஆட்களில் ஒருவன் அவளை வழியிலேயே மடக்கிக் கீழே தள்ளி முதுகில் காலை வைத்து அழுத்திக்கொண்டான். மண்ணில் முகம் பதிந்து கிடந்தவளால் ஒரே ஒரு பக்கம்தான் பார்க்க முடிந்தது. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் ஜன்னலில், அங்கேயே குடியிருந்த எசேக்கியேல் வாத்தியார் நின்றிருந்தார்.

எசேக்கியேல் வாத்தியார் மேல்சாதியிலிருந்து வேதத்துக்கு வந்த குடும்பம். மணியக்காரர் அவரை மட்டும் உட்காரச் சொல்லிப் பேசுவார். ஊரில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு. காசி "தண்ணி, தண்ணி" என்று கேட்டது பள்ளிக்கூடத்துக்குள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. வாத்தியார் எல்லம்மாவைப் பார்த்தார். எல்லம்மா வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு அவர் ஜன்னலைச் சாத்தினார்.

மூன்றாம் நாள் காலையில் காசி செத்துப்போனான். ஆம்பூரிலிருந்து போலீஸ் வந்தபோது, விசாரணை எழுத உட்கார்ந்தவரே மணியக்காரர்தான். பனைமரத்திலிருந்து தவறி விழுந்து மரணம் என்று எழுதினார்கள். பஞ்சாயத்தார் ஐந்து பேர் கையெழுத்துப் போடவேண்டும். நான்கு பேர் கைநாட்டு வைத்தார்கள். ஐந்தாவதாக, வளைவும் சுழிவுமாக அழகான எழுத்தில், எசேக்கியேல் வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் போதகர் ஆசீர்வாதம் அவள் குடிசைக்கு வந்தார். வயசானவர், நல்லவர்தான். யாரோடும் பகை வேண்டாம் என்றே வாழ்ந்து பழகியவர்.

"அவங்கவங்க சிலுவைய அவங்கவங்கதான் சுமக்கணும், எல்லம்மா. ஆண்டவர் தம்மைச் சிலுவையில் அடிச்சவங்களையே மன்னிச்சாரே. நீயும் மன்னிச்சுடு. மனசு லேசாகும்."

"அவர அடிச்சவங்கள அவரு மன்னிச்சாரு, ஐயரே" என்றாள் எல்லம்மா. "எம் புருஷன அடிச்சவங்கள மன்னிக்கறதுன்னா அது எம் புருஷன் சொல்லணும், இல்ல நான் சொல்லணும். அவன் வாய் பேச முடியாம செத்தான். நான் இன்னும் சொல்லல. நடுவுல நீங்க யாரு வாங்கிக் குடுக்கறதுக்கு?"

போதகர் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போனார். அவர் கொண்டுவந்த அரிசியை அவள் தொடவில்லை. பக்கத்துக் குடிசைக்காரி எடுத்துப்போய்ப் பொங்கினாள்.

ஏப்ரல் மாதம் பெரிய வெள்ளி வந்தது. மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் தொங்கியபடி ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்து விளக்கிப் பேசுவார்கள். முன்வரிசைப் பெஞ்சுகளில் ஊர்க் கிறிஸ்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் பாயில் சேரிக்காரர்கள். வெயில் ஓட்டின் மேல் காய்ந்து உள்ளே அனலாக இறங்கியது. எல்லம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். காசிக்குப் பிடித்த நாள் என்பதற்காகத்தான் வந்தாள்.

முதல் வார்த்தை, தம்மைக் கொல்கிறவர்களை மன்னிக்கும்படி ஆண்டவர் பிதாவை வேண்டிக்கொண்ட வார்த்தை. அதைப் பேச எழுந்தவர் எசேக்கியேல் வாத்தியார். அவருக்கு நல்ல குரல், அதனால் வருஷாவருஷம் முதல் வார்த்தை அவருக்குத்தான்.

"அவரை அடித்தார்கள், அவர் எதிர்த்துப் பேசினாரா? துப்பினார்கள், முறையிட்டாரா? பிரியமானவர்களே, சிலுவை நமக்குக் கற்றுக்கொடுப்பது பொறுமை. நாமும் நமக்கு வருகிற பாடுகளை வாய் திறவாமல்..."

"யாரு வாய் திறக்கல?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. பாயிலிருந்து எல்லம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"வாத்தியாரே, யாரு வாய் திறக்கல? எம் புருஷன் வாய் திறந்தான். தண்ணி கேட்டான். உங்க ஜன்னலுக்குப் பத்தடி தூரத்துல நின்னு கேட்டான். வாய் திறக்காதது நீங்க!"

"எல்லம்மா, உட்காரு. ஆராதனை நடக்குது" என்றார் போதகர்.

"உட்காரமாட்டேன், ஐயரே. ஒவ்வொரு நாயித்துக்கெழமையும் எல்லாரும் நின்னுக்கினு விசுவாசப் பிரமாணம் சொல்றோம். அதுல பிலாத்து பேர சொல்றோமா இல்லையா? எத்தினி நூறு வருஷமா சொல்றோம்? தீர்ப்பு குடுத்தவன் பேர இன்னைக்கு வரைக்கும் மறக்காம சொல்றோமே, எம் புருஷன கொன்னவன் பேர மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறீங்க? ஏசுசாமியும் பனைமரத்துலேர்ந்து தவறி விழுந்தாருன்னு எழுதிக்க வேண்டியதுதானே! பெரிய வெள்ளி எதுக்கு, சிலுவை எதுக்கு? அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போச்சு!"

அவள் முன்னால் நடந்து வந்தாள். பாய்க்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை, பிறந்ததிலிருந்து ஆராதனை நேரத்தில் தாண்டாத அந்த இடத்தை, தாண்டி வந்து வாத்தியார் முகத்துக்கு நேராக நின்றாள்.

"பிலாத்தாவது எல்லாரும் பார்க்கக் கைய கழுவினான்" என்றாள். "நீங்க ஜன்னல சாத்திக்கினீங்க."

யாரோ இரண்டு பேர் அவளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அந்த வருஷம் முதல் வார்த்தை பாதியிலேயே நின்றுபோனது.

அடுத்த வாரம் சபை மூப்பர்கள் கூடினார்கள். எல்லம்மா வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்கு நற்கருணை கிடையாது என்று முடிவு செய்தார்கள். சேதி சொல்ல வந்த மூப்பரிடம், "நான் கேக்கணுமா? நானா?" என்று மட்டும் கேட்டாள். பாத்திரம் பண்டத்தை ஒரு கூடையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு ஆம்பூருக்கே போய்விட்டாள்.

அங்கே அவள் வேலை பார்த்த ஷாப்பின் முதலாளி ரஷீத் அஹமது. அவருடைய அக்கா சுகரா பேகம் விதவை, தம்பி வீட்டிலேயே இருந்தாள். பட்டை இடித்த நேரம் போக, பேகத்தின் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் எடுத்து ஊற்றுகிற வேலையும் எல்லம்மாவுக்குக் கிடைத்தது. கிணற்றடியில் தங்கிக்கொள்ள ஒரு கொட்டகையும் கொடுத்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் மொஹரம் வந்தது. ஒரு சாயங்காலம், பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த எல்லம்மாவிடம் சுகரா பேகம் கேட்டாள், "ஏம்மா, எப்பப் பார்த்தாலும் மூஞ்சிய கடுகடுன்னு வச்சிருக்கியே, யார் மேல உனக்கு இவ்ளோ கோவம்?"

எல்லம்மா எல்லாவற்றையும் சொன்னாள். புளியமரம், ஜன்னல், கையெழுத்து, கோயில், ஒன்றையும் விடவில்லை. அவள் முடித்தபிறகு பேகம் சொன்னாள்:

"ஈசா நபி மேல எங்களுக்கும் ஜாஸ்தி மரியாதை. ஆனா எங்க நம்பிக்கை வேற, எல்லம்மா. அவர அவங்களால கொல்ல முடியல. அல்லா அவர அப்படியே மேல எடுத்துக்கினான். அவ்ளோ பெரிய நபிய அந்த மாதிரி கேவலமா சாகவுடுவானா அல்லா?"

குடம் எல்லம்மாவின் கையிலிருந்து நழுவிக் கல்லில் மோதியது.

"அப்போ எங்க காசிய மட்டும் வுடுவாரா, பீபியம்மா?" என்றாள் அவள். "பெரிய ஆளுன்னா தூக்கிக்குவாரு, சேரிக்காரன்னா புளியமரத்துல வுட்டுடுவாரா? அப்படிப்பட்ட கடவுள் எனக்கு எதுக்கு? அன்னைக்கு அவன் கிட்ட யாரு இருந்தா? என்ன கீழ மிதிச்சிக்கினு நின்னாங்க, நான் இல்ல. வாத்தியார் இல்ல. ஊரு இல்ல. அவரு ஒருத்தர்தான் இருந்தாரு. ஏன்னா அவரையும் அப்படித்தான் ஊருக்கு வெளிய கொண்டாந்து, துணிய உருவி, அடிச்சுத் தொங்க வுட்டாங்க. அவரும் தண்ணி கேட்டாரு. கடவுளே என்ன ஏன் கைவுட்டேன்னு அவரே கத்தினாரு, பீபியம்மா! அவரே கத்தினாரு! அவரு அங்க தொங்கினாரு, அதனாலதான் நான் இன்னும் அவர சாமின்னு சொல்றேன். அதுவும் இல்லன்னு சொன்னீங்கன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல."

தெருவில் மொஹரம் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ சொல்றத நான் ஒத்துக்கமாட்டேன்" என்றாள் சுகரா பேகம். "ஆனா தண்ணி குடுக்காம கொன்னாங்கன்னு சொன்னே பாரு, அது எனக்குத் தெரியும். எங்க நபி பேரன் ஹுசேன், அவர் பிள்ளைங்க எல்லாம் கர்பலா மைதானத்துல ஒரு வாய் தண்ணிக்குத் தவிச்சு செத்தாங்க. அவங்க எதுத்தாப்புல இருந்தவங்களும் தொழுகை பண்றவங்கதான். அத நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. கொன்னவன் பேரு எங்களுக்கும் மறக்கல." அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ரஷீத் திருப்பத்தூருக்குப் போறான் வர்ற வாரம். அங்க சப் கலெக்டர் கச்சேரியில மனு குடுக்கச் சொல்றேன். நீ ஒண்ணு வுடாம சொல்லு, எழுதறவர கூட்டியாறேன்."

மனு போனது. மாசி மாதத்தில், சாட்சி சொல்ல வரும்படி எசேக்கியேல் வாத்தியாருக்குச் சம்மன் வந்தது. சம்மன் கைக்கு வந்த மூன்றாம் நாள் அவர் ஆம்பூருக்கு வந்தார். பட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த ஷாப்பு முற்றத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு எல்லம்மாவுக்கு முன்னால் நின்றார். ஒரு வருஷத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"என்னை மன்னிச்சிடு, எல்லம்மா. நான் செஞ்சது பாவம். ராத்திரி பகல் தூக்கமில்லை. உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், ஆண்டவர்கிட்டயும் கேட்டுட்டேன். கச்சேரிக்கு மட்டும் என்னை இழுக்காதே."

உலக்கையைக் கீழே வைக்காமலே எல்லம்மா அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட வந்து காதோட சொல்றீங்களே. பொய்ய எங்க எழுதினீங்க? எங்கிட்டயா எழுதினீங்க?"

"நான் என்ன பண்ணியிருக்க முடியும்? ஒத்த ஆள். ஜன்னல் வழியா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னையும் அந்த மரத்துலயே கட்டியிருப்பாங்க."

"ஆமா, கட்டியிருப்பாங்க. அதுக்குப் பேருதான் சிலுவை."

வாத்தியார் செருப்பை நோக்கித் திரும்பினார். எல்லம்மா விடவில்லை.

"சிலுவைன்னா வாய மூடிக்கினு அடி வாங்கறதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அவரு வாய மூடிக்கினு இருந்திருந்தா அவர யாரு சிலுவையில அடிச்சிருப்பாங்க? பெரிய மனுஷன் மூஞ்சிக்கு நேரா பேசினாரு. யாரும் தொடாதவங்கள தொட்டாரு. கோயில்ல கடை போட்டவன அடிச்சுத் தொரத்தினாரு. அதுக்குத்தான கொன்னாங்க? அங்க வந்து நின்னப்புறம்தான் மன்னிச்சாரு. ஜன்னலுக்கு உள்ள ஒளிஞ்சிக்கினு மன்னிக்கல. நீங்க திருப்பத்தூருக்குப் போங்க. எழுதின இடத்துல போயி நான் எழுதினது பொய்யின்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் எங்கிட்ட வாங்க, பேசலாம்."

அவர் போகமாட்டார் என்றுதான் ஷாப்பில் எல்லோரும் சொன்னார்கள். எல்லம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சித்திரை மாதம் விசாரணை நாளன்று, திருப்பத்தூர் கச்சேரி வாசலில் அவர் தனியாக வந்து உட்கார்ந்திருந்தார்.

சாட்சிக் கூண்டில் ஏறியவர், பார்த்தது ஒன்றையும் மறைக்கவில்லை. யார் கட்டியது, யார் அடித்தது, எத்தனை நேரம், காசி என்ன சொல்லிக் கத்தினான் என்று வரிசையாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் விசாரணைக் காகிதத்தை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

"என்னுடையதுதான்."

"அப்படியானால் அன்று பொய் சொன்னீர்களா, இன்று பொய் சொல்கிறீர்களா?"

"அன்று" என்றார் வாத்தியார். "எல்லாம் தெரிந்தே பொய் சொன்னேன்."

கொலை என்று தீர்ப்பு வரவில்லை. அடிபட்டவன் மூன்று நாள் உயிரோடு இருந்ததைக் காட்டி வக்கீல் அதை உடைத்துவிட்டார். கோதண்டராமனுக்கு ஒரு வருஷ ஜெயிலும், ஆட்கள் இருவருக்கும் ஆறு ஆறு மாதமும் கொடுத்தார்கள். மணியம் கையைவிட்டுப் போனது. ரஷீத் அஹமது இவ்வளவு கிடைத்ததே பெரிது என்றார். எல்லம்மா கச்சேரி வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "ஒரு வருஷமா? ஒரு உசுருக்கு ஒரு வருஷமா?" என்று கத்தியவளை வண்டியில் ஏற்றுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

வாத்தியாரால் வடகொல்லைக்குத் திரும்ப முடியவில்லை. ஊர்க் கிணற்றில் அவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக மிஷன் அவரை வேலையைவிட்டு நீக்கியது. சொந்தக்காரர்கள் வாசலில் சேர்க்கவில்லை. மனைவி ஏற்கெனவே காலமாகிவிட்டாள். அவர் ஆம்பூருக்கு வந்து, தோல் ஷாப்புச் சேரியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, அங்கே இருந்த பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார். எல்லம்மாவும் பேகம் வீட்டுக் கொட்டகையை விட்டு அங்கேயே இரண்டு குடிசை தள்ளிக் குடிவந்திருந்தாள். அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மன்னிப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. மூப்பர்கள் அவள்மேல் போட்ட தடையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இப்படி ஐந்து வருஷம் போனது. 1918ஆம் வருஷ ஐப்பசியில் விஷக் காய்ச்சல் வந்தது. காலையில் வேலைக்கு வந்தவன் சாயங்காலம் பாடையில் போனான். ஷாப்புகள் மூடிக்கிடந்தன, தொட்டியில் போட்ட தோல் எடுக்க ஆளில்லாமல் அழுகியது. ஒரு வீட்டுக்காரர்கள் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கப் பயந்தார்கள். வாத்தியார் குடிசையின் படல் இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்று எல்லம்மா பார்த்தாள்.

படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவர் மண்தரையில் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது.

"ஒரு குரல் குடுக்கறதுக்கு இன்னா? இப்பவும் வாய தொறக்கமாட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே தண்ணீர் மொண்டு வாயில் ஊற்றினாள். அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தாள். தலையைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டு ஊட்டினாள். ஊட்டுகிற ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசவு விழுந்தது. கையெழுத்தைத் திட்டினாள், ஜன்னலைத் திட்டினாள், அவருடைய நல்ல குரலைக்கூடத் திட்டினாள். நான்கு நாள் அப்படி ஊட்டினாள், துணி மாற்றினாள், துடைத்தாள்.

நான்காம் நாள் அவருக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எல்லம்மா... மன்னிச்சிட்டியா?"

"வாய தொறங்க. கஞ்சி ஆறுது" என்றாள் அவள்.

மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார். ஒரே நாளில் ஏழு அடக்கம் இருந்ததால், ஆம்பூர்ச் சபையையும் பார்த்துக்கொண்ட போதகர் ஆசீர்வாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குக் குழி நடந்துகொண்டிருந்தார். வாத்தியார் குழியருகே வந்தபோது அங்கே தூக்கிவந்த நான்கு பேரும் எல்லம்மாவும் மட்டும் இருந்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்து, களைத்த குரலில் ஆரம்பித்தார்: "நம்முடைய சகோதரன் எசேக்கியேல் ஆண்டவருக்கு உண்மையான சாட்சியாக வாழ்ந்து..."

"ஐயரே, நிறுத்துங்க" என்றாள் எல்லம்மா.

போதகர் பயந்துபோய் அவளைப் பார்த்தார்.

"சாட்சி சொன்னாருதான். ஆனா தாமசமா சொன்னாரு. ரெண்டையும் சொல்லுங்க."

போதகர் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டையும் சொன்னார். எல்லம்மா குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு, அடுத்த குழிக்குத் தூக்கப் போதுமான ஆளில்லை என்று யாரோ கூப்பிட்டதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே போனாள்.